கோழி இல்லாத கூண்டுக்கு ஒரு மனு

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தடவையும் உட்காருகிறேன். இரண்டாவது வார்த்தையிலேயே எரிச்சல் வந்துவிடுகிறது. ஆனாலும் நான்தான் எழுத வேண்டும். அவரை என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் என் அக்கா ஒருத்திதான். அவளுக்கு எழுத்து வேலையே ஆகாது, அதற்கும் காரணம் அவர்தான்.

அத்தான் நகர சுகாதார வாரியத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தார். ஊருக்குள் மாடு, ஆடு, கோழி, வாத்து என்று எதை வளர்ப்பதானாலும் வாரியத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி தருகிற பிரிவுக்கு அவர் மேற்பார்வையாளர். இரும்பு அளவு நாடா ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் தெருத் தெருவாகப் போவார். கொட்டகைக்கும் பக்கத்து வீட்டு அடுப்படிக்கும் நடுவில் இருபது அடி இருக்க வேண்டும் என்பது விதி. பத்தொன்பது அடி பதினோரு அங்குலம் இருந்தால் மனு திரும்பிவிடும். ஊரே அவரை 'டேப் சார்' என்றது. அவர் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், மனிதர் வேலையில் கெட்டிக்காரர். சத்தத்தை வைத்தே கோழிகளை எண்ணிவிடுவார். தெருவில் சைக்கிளை நிறுத்தி, தலையைச் சாய்த்து, ஒரு நிமிடம் கேட்பார். "ஏழு. அதுல ஒண்ணு அடையில இருக்கு" என்பார். உள்ளே போய்ப் பார்த்தால் ஏழு இருக்கும், ஒன்று அடைகாத்துக்கொண்டிருக்கும். ஆய்வுக்குப் போன வீட்டில் ஒரு வாய் டீ குடித்தார் என்று யாரும் சொல்ல முடியாது. குடித்திருந்தால் கொஞ்சம் மனிதராக இருந்திருப்பாரோ என்னவோ.

கல்யாணமான மூன்றாவது மாதம் அக்கா அவரிடம் ஒன்று கேட்டாள். நகை நட்டு இல்லை, துணிமணி இல்லை. கொல்லையில் ஆறு கோழி வளர்க்க வேண்டும், அவ்வளவுதான். அவளுக்குக் கோழி என்றால் ஒரு பைத்தியம். கடைத்தெருவில் கூடைக்காரியிடம் கோழி இருந்தால் நின்றுவிடுவாள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும்.

"ஊருக்கு அனுமதி குடுக்கிறவன் நான். நானே எனக்கு குடுத்துக்க முடியுமா? நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. ரிட்டயர் ஆகட்டும், முறைப்படி மனு போட்டு வாங்கித் தர்றேன்" என்றார் அத்தான்.

அக்கா சரி என்றாள். ரிட்டயர் ஆக எத்தனை வருடம் இருக்கிறது என்று அன்றைக்கு அவள் கணக்குப் போடவில்லை. இருபத்தாறு வருடம் இருந்தது. அதற்குள் அவர்களுக்கு ஒரு மகள் பிறந்து, படித்து, வேலைக்குப் போய், வேறு ஊரில் குடித்தனமும் வைத்துவிட்டாள். கோழி மட்டும் வந்தபாடில்லை.

என் கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். அவள் தங்கை நான், அவர்கள் வீட்டுக்கு இடது பக்கத்து வீடு. நடுவில் ஒரே சுவர். தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருடத்துக்கு முன் எனக்கு இரண்டு வாத்து வளர்க்க ஆசை வந்தது. ஒழுங்காக வாரியத்துக்கு மனு போட்டேன். 'காரணம்' என்ற இடத்தில் 'ஆசை' என்று எழுதினேன். உண்மை அதுதானே? பத்து நாள் கழித்துப் பதிவுத் தபால் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனிதர், காலையில் என்னிடம் பேப்பர் கடன் வாங்கிப் படித்த மனிதர், பதிவுத் தபாலில் எழுதியிருந்தார்: 'ஆசை என்பது போதுமான காரணம் அல்ல. மனு நிராகரிக்கப்பட்டது.' கீழே அந்த அழகான கையெழுத்து. அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அவர் ரிட்டயர் ஆனது ஒரு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலை நான் ஒன்பது கோழி வாங்கிவந்துவிட்டேன். அடுத்த வாரமே வலது பக்கத்து வீட்டுத் தையற்காரர் இரண்டு ஆடு கொண்டுவந்து கட்டினார். எதிர் வரிசையில் புறா, முயல், வான்கோழி என்று தெருவே கலகலவென்று ஆகிவிட்டது. ஒருவரும் மனு போடவில்லை. புதிதாக வந்த ஆய்வாளர்கள் யாராவது கூப்பிட்டால்தான் வருவார்கள். யார் கூப்பிடப் போகிறார்கள்?

அத்தான் கூப்பிட்டார், அதுவும் தன் வீட்டுக் கொல்லைக்கே.

"அத்தான், பேசாம ஆறு கோழிய வாங்கி விடுங்க. இந்தத் தெருவுல யாரு கேக்கப் போறா?" என்று நான் தலைதலையாய் அடித்துக்கொண்டேன்.

"முப்பத்து மூணு வருஷம் நான் கேட்டேனே" என்றார் அவர்.

முதலில் கூண்டு. கொல்லையின் நீளம் முப்பத்தெட்டு அடி. எல்லா அடுப்படிக்கும் இருபது அடி தள்ளி, கிணற்றுக்கும் தள்ளி ஓர் இடம் வேண்டும். ஒரு வாரம் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அப்படி ஓர் இடம் கிடைத்தது. அங்கே அக்காவின் துணி உலர்த்தும் கம்பம் நின்றது. கம்பத்தைப் பிடுங்கி நட்டார். மறுபடி அளந்தார், மறுபடி பிடுங்கினார். மூன்று வாரம் ஈரத்துணியெல்லாம் என் வீட்டு ஜன்னலில் தொங்கியது. ஆனால் கூண்டு கட்டினார் பாருங்கள், அப்படி ஒரு கூண்டு இந்த ஊரிலேயே கிடையாது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம், சிமென்ட் தளம், கழுவின தண்ணீர் ஓடச் சரிவு, மழைச் சாரலுக்குத் தட்டி. அக்கா அதைத் தினமும் பெருக்கினாள். உள்ளே ஒன்றுமே இல்லை, தூசியைத்தான் பெருக்கினாள்.

அடுத்தது மனு. அந்தப் படிவத்தில் ஒன்பதாம் பத்தி என்று ஒன்று உண்டு. சுவர் பகிரும் அண்டை வீட்டார் சம்மதம் தர வேண்டும். சம்மதம் தருகிறவர் தம் வீட்டில் பிராணி வளர்க்கிறாரா, ஆம், இல்லை என்றும் சொல்ல வேண்டும். இதைச் சேர்த்த புண்ணியவான் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கையெழுத்துப் போட்டு, 'இல்லை' என்பதில் டிக் அடித்து நீட்டினேன். அத்தான் வாங்கவில்லை.

"'இல்லை'ன்னு போட்டிருக்கே."

"ஆமா."

அந்த நேரம் பார்த்து என் கொல்லையில் ஒரு கோழி கொக்கரித்தது.

"ஒம்பது இருக்கு உன் வீட்ல. அதுல ஒண்ணு இப்பத்தான் முட்டை போட்டிருக்கு."

"அத்தான், 'ஆமா'ன்னு போட்டா நாளைக்கே எனக்கு நோட்டீஸ் வரும். என் கொட்டகைக்கும் உங்க அடுப்படிக்கும் பதிமூணு அடிதான் இருக்கு."

"பன்னெண்டே கால்" என்றார்.

தையற்காரர் கையெடுத்தே கும்பிட்டுவிட்டார். "சார், உங்களுக்குக் கோழி வேணும்னா தாராளமா வளருங்க. நடுவுல என் ஆட்டுக்கு ஏன் சார் உலை வைக்கிறீங்க?"

பொய்யை வாங்கவும் மாட்டார், உண்மையைச் சொல்ல எங்களுக்கும் வழியில்லை. அந்த ஒரு பத்தியிலேயே நான்கு மாதம் போயிற்று. பிறகு ஒரு நாள் எங்கள் சம்மதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, 'ஆம், இல்லை' இருந்த இடத்தில் தானே எழுதினார்: 'கேட்கப்பட்டது. பதில் பெற இயலவில்லை.' இது பொய்யில்லை என்று தனக்குத் தானே நிரூபிக்க அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. என் கடையில் மூன்று நகல் எடுத்துக்கொண்டு போய் வாரியத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.

அப்புறமும் பல மாதம் போன பிறகுதான் ஆய்வாளர் வந்தார். அன்றைக்குத் தெருவே மூச்சுக் காட்டவில்லை. என் ஒன்பது கோழியும் குளியலறையில். தையற்காரரின் ஆடு இரண்டும் துணி வெட்டும் மேஜைக்கு அடியில். ஆடு கத்தும்போதெல்லாம் தையற்காரர் பலமாக இருமினார். ஆய்வாளர் நல்ல மனிதர். ஹெல்மெட்டைக் கழற்றினால் நெற்றியில் ஒரு கோடு பதிந்திருக்கும், அதைத் தடவிக்கொண்டே பேசுவார். கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் சுவருக்கு மேல் தலையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், இந்த மாதிரி கூண்டு நான் எங்கயும் பாத்ததில்ல."

அத்தானுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"கோழியெல்லாம் எங்க சார்?"

"அனுமதி வந்ததும் வாங்கிடுவேன்."

ஆய்வாளர் நெற்றியைத் தடவினார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "குறிப்பு மூணு சார். அனுமதி கேக்கிற பிராணிகள் ஆய்வு சமயத்துல கூண்டுல இருக்கணும். உங்க சுற்றறிக்கைதான், கீழ உங்க கையெழுத்தே இருக்கு."

அத்தான் வாங்கிப் பார்த்தார். எவனோ ஒருவன் ஐந்து கோழிக்கென்று காலிக் கூண்டைக் காட்டி அனுமதி வாங்கி, ஐம்பது கோழி வளர்த்துவிட்டான் என்று அந்தக் காலத்தில் கோபத்தோடு எழுதிய குறிப்பு அது.

"இத்தனை வருஷத்துல கோழி வாங்காம மனு போட்ட ஆளே கிடையாது சார். அதனால இந்தச் சிக்கல் யாருக்கும் தெரியல" என்றார் ஆய்வாளர்.

"அனுமதி இல்லாம கோழி வச்சிருந்தா குற்றம்."

"ஆமா சார்."

"கோழி இல்லாம அனுமதி கிடையாது."

"ஆமா சார்."

இரண்டு பேரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுப்படி வாசலில் நின்ற அக்காவின் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

பதினைந்து நாள் கழித்து மறு ஆய்வு. அதிலும் கோழி இல்லையென்றால் மனு தள்ளுபடி, ஒரு வருடத்துக்குப் புது மனு போட முடியாது. இதுவும் அவர் கொண்டுவந்த விதிதான். 'முதல் நாள் சந்தையில் வாங்கிவிடுங்கள், மறுநாள் அனுமதி வந்துவிடும்' என்று நான் சொன்னேன், தையற்காரர் சொன்னார், ஆய்வாளரே ஜாடையாகச் சொல்லிவிட்டுப் போனார். "ஒரு நாள்னாலும் குற்றம் குற்றம்தான்" என்று முடித்துவிட்டார் அத்தான். குறிப்பு மூன்றைத் திருத்தும்படி வாரியத்துக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அதைப் படித்து, "ஒழுங்காத்தான் எழுதியிருக்கான்" என்று பாராட்டினார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பதினான்காவது நாள் சாயங்காலம். அக்கா கொல்லையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் ஆட்சேபக் கடிதம் ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தாங்க" என்றாள் அக்கா. "நாளைக்கும் இல்லைன்னு ஆச்சுன்னா கூண்டைப் பிரிச்சிடுங்க. அந்த இடத்துல பழையபடி துணி காயப் போட்டுக்கறேன். இனிமே கோழின்னு நான் வாயத் திறக்க மாட்டேன்."

"அடுத்த வருஷம்..."

"வேணாங்க. எனக்கு ஓஞ்சு போச்சு."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால்கூட எனக்குத் தேவலை என்று இருந்திருக்கும். துணியை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள். சுவரைத் தாண்டிக் குதித்து அந்த மனிதரை இரண்டு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. அவர் ஒரு காற்புள்ளியைத் திருத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் பத்து மணிக்கு ஆய்வாளர் வர வேண்டும். ஒன்பதரைக்குக் கோழிகளைக் குளியலறைக்கு ஓட்டலாம் என்று போனேன். ஒன்றைக்கூடக் காணோம். சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல், "பா, பா, பா" என்று. எட்டிப் பார்த்தேன். கூண்டுக் கதவு திறந்திருந்தது. அக்கா அரிசியை ஒவ்வொரு பிடியாக உள்ளே வீசிக்கொண்டிருந்தாள். என் கோழிகள் வெட்கமில்லாமல் ஒன்றன் பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. ஆறாவது ஏறியதும் சட்டென்று கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். மிச்சம் மூன்றையும் முந்தானையை வீசிச் சுவர்ப் பக்கம் விரட்டினாள். இருபத்தெட்டு வருடம் அவரோடு குடித்தனம் செய்தவள், எண்ணிக்கையில் தப்புவாளா?

நான் வாயைத் திறந்தேன்.

"சும்மா இருடி" என்றாள்.

மூன்றையும் குளியலறையில் அடைத்துவிட்டு நான் திரும்பி வருவதற்குள் ஆய்வாளர் வந்துவிட்டார். அத்தான் இஸ்திரி போட்ட சட்டையோடு, ஆட்சேபக் கடிதத்தின் மூன்று நகலோடு, அவரைக் கொல்லைக்குக் கூட்டிவந்தார். கூண்டைப் பார்த்தார். கால் அங்கேயே நின்றுவிட்டது.

"அட, வந்தாச்சா! ஒண்ணு, ரெண்டு..." என்று எண்ணினார் ஆய்வாளர். "ஆறு. மனுவுலயும் ஆறு. எல்லாம் நல்லா இருக்கு சார். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

அத்தான் தாளைப் பார்த்தார். 'மேற்கண்ட பறவைகள் என்னுடையவை என்று உறுதி கூறுகிறேன்.' பிறகு கோழிகளைப் பார்த்தார். சத்தத்தை வைத்தே என் கோழிகளைத் தெரிந்தவர் அவர்; கண்ணால் பார்த்தால் தெரியாதா? என் பக்கம் திரும்பினார். இந்த மனிதர் இப்போது உண்மையைச் சொல்லிவிடுவார், எனக்கு நோட்டீஸ் வரும், அக்கா கூண்டைப் பிரித்துவிடுவாள், எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

"இது வந்து..." என்றார்.

அக்கா அவர் பக்கமே பார்க்கவில்லை. கம்பி வலைக்குள் விரலை விட்டிருந்தாள். விரலில் ஒட்டியிருந்த அரிசியை ஒரு கோழி கொத்திக்கொண்டிருந்தது. அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் அதைப் பார்த்தார்.

"என்ன சார்?" என்றார் ஆய்வாளர்.

"உங்க பேனாவக் குடுங்க. என் பேனால மை இல்ல."

ஆய்வாளரின் பேனாவால் கையெழுத்துப் போட்டார். ஆய்வாளர் முத்திரை குத்தி அனுமதித் தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தாளோடு அத்தான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மத்தியானம் சாப்பிட வரவில்லை என்று அக்கா சுவர் வழியாகச் சொன்னாள்.

நாலு மணிக்கு என் வீட்டு வாசலில் அழைப்பு மணி அடித்தது. எந்த விஷயமானாலும் சுவர் வழியாகவே பேசுகிற மனிதர், தெருவைச் சுற்றிக்கொண்டு, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, கையில் கோப்போடு நின்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன்.

"அந்த ஆறு கோழியும் என்னோடதுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார்.

"பாத்தேன்."

"அது பொய். காலையிலிருந்து பொய்யா இருக்கு. நீ குடுத்தாத்தான் அது உண்மையாகும்."

நான் அப்படியே கொடுத்திருப்பேன். அக்காவுக்கு இல்லாத கோழியா? ஆனால் பத்தொன்பது வருடமாக ஒரு பதிவுத் தபால் என் பீரோவில் கிடக்கிறது. வாய் சும்மா இருக்குமா?

"மனு எழுதிக் குடுங்க அத்தான்" என்றேன். "காரணத்தோட."

கேலிக்குத்தான் சொன்னேன். அவர் கோப்பைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஓரத்தை மடித்து, எழுத ஆரம்பித்துவிட்டார். நான் டீ போடப் போனேன். டீ ஆகும்வரை எழுதினார், ஆறும்வரை எழுதினார். இத்தனைக்கும் எழுதியிருந்தது நாலே வரி.

'கோருவது: கோழி, ஆறு. காரணம்: மனைவியின் ஆசை. இருபத்தெட்டு ஆண்டுகளாக நிலுவையில் உள்ளது. தாமதத்துக்கு மனுதாரரே முழுப் பொறுப்பு.'

போதுமான காரணம் அல்ல என்று எழுதித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எத்தனை வருடமாக ஆசைப்பட்டிருக்கிறேன்! கை வரவில்லை. பேனாவைக் கேட்டேன். அவர் தன் பேனாவைக் கொடுத்தார். அதில் மை நிறைய இருந்தது. 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் தாளை வாங்கி, மை காய விசிறி, எழுத்துப் பிழை ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார். "மூணு நகல் வேணும்" என்றார். அந்த நேரத்திலும்! பல்லைக் கடித்துக்கொண்டு கடையைத் திறந்தேன். நான்கு எடுத்தேன். மூன்றை அவரிடம் கொடுத்துவிட்டு, நான்காவதைக் கொண்டுபோய்க் கூண்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் கொடுத்தேன்.

அக்கா படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"மத்தியானத்துலேர்ந்து அந்த மனுஷன் ஒண்ணும் சாப்பிடலடி" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.